பிற்பகல் ஒன்று முதல் நாலரை வரை

பூமிக்கு அடியில் சுமார் 150 மீட்டர் ஆழத்தில் இருந்தவர்களுக்கு மின்சாரம் நின்றுபோனது மட்டும்தான் தெரிந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், வெஸ்ட் ஃபிராங்க்ஃபர்ட் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் அன்று ஏறக்குறைய 800 பேர் வேலையில் இருந்தார்கள். வேறு வழியில்லாமல் தப்பும் வழியில் ஏறி, வெளிச்சத்துக்கு வந்து பார்த்தபோது அவர்களுடைய வீடுகளைக் காணவில்லை. அந்த ஊரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். ஆண்கள் சுரங்கத்துக்குள் இருந்ததால் பிழைத்துக்கொண்டார்கள்.

அது 1925 மார்ச் 18, புதன்கிழமை. பிற்பகல் 1 மணிக்குச் சற்றுப் பின் மிசௌரி மாநிலத்தின் எலிங்டன் அருகே தரை தொட்ட ஒரு டொர்னாடோ, இல்லினாயைக் கடந்து, இண்டியானாவின் பீட்டர்ஸ்பர்க் பக்கம் மாலை நாலரைக்கு அடங்கியது. 352 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம், 695 உயிர்கள். அமெரிக்கா இதுவரை கண்ட டொர்னாடோக்களில் மிக அதிக உயிர்களைக் கொண்டுபோனது இதுதான். 'மூன்று மாநில டொர்னாடோ' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

டொர்னாடோவையும் நாம் சூறாவளி என்றே எழுதிவிடுகிறோம். வங்கக் கடலில் உருவாகும் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் கொண்டது, நாள்கணக்கில் நகர்வது, வருவது முன்கூட்டியே தெரிவது. டொர்னாடோ ஓர் இடிமேகத்திலிருந்து தரைக்கு நீளும் காற்றுத் தூண். பெரும்பாலானவற்றின் ஆயுள் சில நிமிடங்கள்தான். கோடையில் தரிசு நிலத்தில் சருகைச் சுருட்டிக்கொண்டு எழும் பேய்க்காற்றையும் இதோடு சேர்க்கக் கூடாது. அது சூடேறிய தரையிலிருந்து கிளம்புவது, அதற்கு மேகமே தேவையில்லை. டொர்னாடோவுக்கு நம் பக்கத்து உதாரணம் வங்கதேசம். 1989 ஏப்ரல் 26 அன்று அங்கே மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளில் வீசியதில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். உலக அளவில் அதுவே மிகக் கொடியதாகக் கணக்கிடப்படுகிறது.

மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரமான வெப்பக் காற்றின் மேல் குளிர்ந்த வறண்ட காற்று வந்து படியும்போது வானம் நிலைகொள்ளாமல் கொதிக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறிக்கொண்டே போனால், மேலெழும் காற்று முறுக்கேறிச் சுழல ஆரம்பிக்கிறது. அப்படி மேகமே சுழலும் பெரும் இடிப்புயலைத்தான் சூப்பர்செல் என்கிறார்கள். அதன் அடியில் சில வேளை டொர்னாடோ இறங்குகிறது. பொதுவாக, அந்த மேகம் தனக்குத் தீனி தரும் காற்றை விட்டு விலகியதும் வலுவிழந்துவிடும். 1925இல் அது நடக்கவில்லை. வடகிழக்காக ஓடிக்கொண்டிருந்த காற்றழுத்தத் தாழ்வு மையத்தோடு மேகமும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடியது. தீனியும் கூடவே வந்தது.

அந்த ஓட்டம் சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர், சில இடங்களில் 117. அகலமோ ஒரு கிலோமீட்டருக்கும் மேல். மேகத்தின் அடிவயிறு தரையை ஒட்டித் தாழ்ந்திருந்ததால், படங்களில் பார்க்கும் யானைத் துதிக்கை வடிவம் பலர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. கருத்த மூட்டமொன்று உருண்டு வருவதாகத்தான் தோன்றியது. அதை மழை இருட்டு என்று நினைத்தவனை அசட்டையாக இருந்தான் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதில் பயப்பட வேண்டிய உருவம் எதுவும் இல்லை.

மிசௌரியில் அன்னாபொலிஸ் ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டு, இரண்டரை மணி அளவில் அது மிசிசிப்பி ஆற்றைத் தாண்டியது. அக்கரையில் கோரம் என்ற சிற்றூர் அழிந்தது. அடுத்து மர்ஃபிஸ்பரோ. அங்கே மட்டும் 234 பேர். வீடுகள் சரிந்ததும் தீப்பிடித்தது. அணைக்கத் தண்ணீர் இல்லை, குடிநீர் அமைப்பும் சிதைந்திருந்தது. சில நிமிடங்களில் டி சோட்டோ. பிள்ளைகள் வகுப்பில் இருந்த நேரம் அது. பள்ளிக்கூடம் இடிந்து விழுந்ததில் 33 குழந்தைகள் இறந்தார்கள். பிறகுதான் வெஸ்ட் ஃபிராங்க்ஃபர்ட், பாரிஷ். இல்லினாயில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட சாவுகள், அவற்றிலும் மிகுதியானவை நாற்பது நிமிடத்துக்குள்.

இண்டியானாவில் கிரிஃபின் ஊர் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. கிரிஃபினுக்கும் பிரின்ஸ்டனுக்கும் இடையே 85 பண்ணைகள் அழிந்தன. இந்த எண்ணிக்கையைச் சட்டென்று கடந்துபோக முடியவில்லை. பண்ணை என்றால் வீடு மட்டுமா? கொட்டகை, அதிலிருக்கும் மாடு, குதிரை, தீவனம், விதை, கருவி, வேலி எல்லாம் சேர்ந்ததுதான் பிழைப்பு. நகரத்தில் வீடிழந்தவனுக்கு மறுநாள் போக ஒரு தொழிற்சாலையாவது மிஞ்சக்கூடும். விவசாயிக்கு வீடும் வேலையும் ஒரே மனையில் இருந்தன.

டொர்னாடோவின் பலத்தை அளக்க எஃப் அளவுகோலை வானிலை ஆய்வாளர் டெட்சுயா ஃபுஜிதா வகுத்தது 1971இல். அதன் நடுவே ஒரு கருவி நின்று காற்றை அளப்பது மிக அரிது. அது போனபின், இடிந்து கிடப்பதைப் பார்த்துத்தான் பலத்தைக் கணிக்கிறார்கள். அடித்தளம் மட்டும் மிஞ்சும்படி வீட்டைத் துடைத்துப்போனால் எஃப் 5. மூன்று மாநில டொர்னாடோவுக்கு அந்த மதிப்பைப் பின்னாளில் கொடுத்தார்கள். ஆனால் வீடே இல்லாத காட்டிலும் வயலிலும் எதைப் பார்த்துக் கணிப்பது? மிசௌரி மலைக்காட்டுப் பகுதியில் பாதை தொடர்ச்சியாக இருந்ததா என்ற கேள்வி அதனால்தான் எழுந்தது. பழைய பதிவுகளையும் உயிர்பிழைத்தவர்களின் நினைவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், சுமார் 280 கிலோமீட்டர் ஒரே டொர்னாடோவின் வேலையாக இருக்கக்கூடும் என்று 2013இல் எழுதினார்கள். அப்படிக் குறைத்துக்கொண்டாலும் அது சாதாரண நீளமல்ல.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அன்னாபொலிஸ் விழுந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் கோரம் விழுந்தது. கிரிஃபினுக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. வழியெங்கும் ரயில் பாதை இருந்தது, தந்தி இருந்தது, தொலைபேசியும் இருந்தது. ரேடார் இல்லாத காலம்தான். துல்லியமாகக் கணித்திருக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் வந்துகொண்டிருப்பதைச் சொல்லும் ஏற்பாடே இல்லை. அன்றைய வானிலை அறிவிப்பில் டொர்னாடோ என்ற சொல்லும் இல்லை, இருக்கவும் முடியாது. முன்னறிவிப்புகளில் அதைப் பயன்படுத்துவதை 1880களிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். மக்கள் பீதியடைவார்கள் என்பது காரணம்.

தடைக்கு முன் ஒருவர் முயன்றிருந்தார். ராணுவத்தின் சிக்னல் படையில் பணியாற்றிய ஜான் பார்க் ஃபின்லி, நூற்றுக்கணக்கான டொர்னாடோக்களின் தடயங்களைத் திரட்டி, 1884இல் சோதனையாக முன்னறிவிப்புகள் எழுதிப் பார்த்தார். அவற்றில் பல தவறின. தவறத் தவறத்தான் இந்த வேலை கைவரும். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்கவில்லை. 1948 மார்ச் 25 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில், ஃபாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் வெற்றிகரமான ஒரு டொர்னாடோ முன்னறிவிப்பைத் தந்தார்கள். அன்று மாலையே டொர்னாடோ தளத்தைத் தாக்கியது, யாரும் சாகவில்லை. பொதுமக்களுக்கான எச்சரிக்கைகளை வானிலைத் துறை 1952இல் தொடங்கியது.

மூன்று மாநிலங்களில் பிணங்களைப் புதைத்துக்கொண்டிருந்த 1925 மார்ச்சில் ஃபின்லிக்கு எழுபது வயது. அவர் 1943இல் இறந்தார், டிங்கர் தளத்து முன்னறிவிப்புக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சற்று அதிகமான காலம் முன்னால்.