சைரன் கேட்கும் முன்னே

காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறியதும் முதல் வேலை, ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. பிறகு சளி உறிஞ்சும் கருவி ஓடுகிறதா, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் இருக்கிறதா, பிரசவக் கிட் பிரிக்காமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெளியே வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் டயரையும் டீசலையும் பார்த்துக்கொண்டிருப்பார். விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பட்டப்படிப்பின் கடைசி வருடப் பயிற்சிக்காக நான் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஆம்புலன்ஸ் ஏறியபோது, மருத்துவ உதவியாளர் அக்கா சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். “ஆளு மூச்சுத் திணறிக் கெடக்கும்போது சிலிண்டர் சாவியத் தேடக் கூடாது பாப்பா.”

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15 அன்று. நாம் அழைப்பது சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து பக்கத்தில் இருக்கும் வண்டிக்கு வருகிறது. வண்டியில் உதவியாளர் ஒருவர், ஓட்டுநர் ஒருவர், அவ்வளவுதான். டாக்டர் கிடையாது. தேவைப்பட்டால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்வோம்.

நேரம் வீணாவது பெரும்பாலும் இடம் தெரியாமல்தான். “மாரியம்மன் கோயில் பக்கத்துல” என்பார்கள். மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் எது? கிலோமீட்டர் கல், மின்கம்பத்து எண், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று எதையாவது சொல்லலாம். ராத்திரியில் ஒரு ஆள் டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு வந்து நின்றால் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

திருச்சி-சென்னை நான்குவழிச் சாலையும் சேலம் சாலையும் சேரும் ஊர் என்பதால் உளுந்தூர்பேட்டையில் விபத்துகளுக்குக் குறைவில்லை. ஒரு நாள் பைக்கில் வந்த இளைஞர் விழுந்துகிடந்தார். தொடையில் ஆழமான வெட்டு. நாங்கள் போய் இறங்கும்போது, லாரி ஓட்டுநர் ஒருவர் தன் துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்த பிறகும் கையை எடுக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்றப் போனார், அக்கா தடுத்தார். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு எதைக் கொடுத்தாலும் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

அக்கா தலைமாட்டில் மண்டியிட்டு அவர் தலையை அசையாமல் பிடித்தார். நான் கழுத்துக்குக் காலர் மாட்டினேன். மாட்டிய பிறகும் அக்கா பிடியை விடவில்லை. ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். ஆளைத் தூக்காமலே இரண்டு பக்கமும் அடியில் செருகிப் பூட்டிவிடலாம். கழுத்தெலும்பு முறிந்தவரை ஆளுக்கொரு கை கால் பிடித்து ஆட்டோவில் ஏற்றினால், உயிர் தங்கினாலும் கை கால் விளங்காமல் போகலாம். தலைமாட்டில் இருப்பவர் எண்ண, எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும்.

கதவைச் சாத்தும் முன் அந்த லாரி ஓட்டுநர் கேட்டார்: “போலீஸ் கேஸுன்னு என்னை அலைய விடுவாங்களாம்மா?” இந்தப் பயம் இன்னும் ஊர்முழுக்க இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. இந்த இரண்டையும் அவரிடம் சொன்னோம். அந்தத் துண்டுதான் அந்த இளைஞரை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரசவ அழைப்புகள் வேறு மாதிரி. ஒரு ராத்திரி கிராமத்திலிருந்து ஒரு கர்ப்பிணியை ஏற்றி வந்தோம். பாதி வழியில் தலை தெரிந்துவிட்டது. “ஓரங்கட்டுங்கண்ணே” என்றார் அக்கா. ஓடும் வண்டியில் பிரசவம் பார்க்கக் கூடாது. குழந்தை வந்தது, ஆனால் அழவில்லை. அக்கா துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே முதுகைத் தேய்த்தார். ஈரத்துணியை வீசிவிட்டு இன்னொன்றால் தேய்த்தார். நான் குழந்தைக்கான காற்றுப் பையைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் ஒரு இருமல், அப்புறம் அழுகை. தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கியதும் இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு நடுவில் வெட்டி, குழந்தையைத் தாயின் நெஞ்சோடு வைத்துப் போர்த்தினோம். கூட வந்த பாட்டி “என்னா கொழந்தம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்காவின் கண் தாயின் ரத்தப்போக்கில் இருந்தது. நஞ்சுக்கொடியை இழுக்கக் கூடாது, தானாக விழட்டும். விழுந்த பிறகு கர்ப்பப்பை இறுகும்வரை அடிவயிற்றைத் தேய்த்துவிட வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் “பொண்ணு பாட்டி, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றார்.

எல்லா அழைப்பும் அப்படி முடிவதில்லை. திடீரென்று சாய்ந்து இதயம் நின்றுபோன பெரியவர் ஒருவர். நாங்கள் போகும்வரை சுற்றி நின்று அழுதார்களே தவிர, யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை. அவரை மீட்க முடியவில்லை. ஆக்சிஜன் நின்றால் நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான். ஆள் அசைவற்று, சரியாக மூச்சு விடாமல் இருந்தால், மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாம்பு கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. 108-ஐ அழைத்துவிட்டு அந்தப் போனில் சொந்தக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள். வழி கேட்டு வண்டியிலிருந்து நாங்கள் அதே எண்ணுக்குத்தான் கூப்பிடுவோம். தயவுசெய்து எடுங்கள்.