ஆளும் முதலும் பயிற்சியும்

ஒரு நாட்டின் உற்பத்தி நீண்ட காலம் உயர்ந்துகொண்டே போக மூன்று வழிகள் உண்டு. வேலை செய்வோர் கூட வேண்டும். அவர்கள் கையாளும் இயந்திரங்களும் சாலை, மின்சாரம் போன்ற வசதிகளும் பெருக வேண்டும். அல்லது வேலைத்திறன் வளர வேண்டும். மூன்றும் ஒரே அளவில் பலன் தருவதில்லை.

கையால் தைத்துவந்தவருக்கு ஒரு தையல் இயந்திரம் கிடைத்தால், நாளுக்கு ஒன்றாக இருந்த சட்டை பலவாகும். இரண்டாவது இயந்திரம் வாங்கிப் போட்டால் அது சும்மாதான் கிடக்கும். இதைக் குறைந்து செல் விளைவு விதி என்பார்கள்.

அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் சோலோ இந்த வரம்பை 1957இல் எண்களில் காட்டினார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் விளைவு ஏறத்தாழ இரட்டிப்பானது. அந்த உயர்வில் எட்டில் ஒரு பங்குக்கே இயந்திரம் போன்ற கூடுதல் மூலதனம் காரணம். மீதி தொழில்நுட்ப மாற்றத்தால் வந்தது என்றது அவர் கணக்கு. தொழிலாளர் கல்வியின் முன்னேற்றமும் அந்த மீதிக்குள்ளேயே அடங்கியிருந்தது. பொருளியலாளர்கள் தியோடர் ஷுல்ட்ஸும் கேரி பெக்கரும் 1960களில் அந்தக் கல்வியைத் தனியே எடுத்து, ‘மனித மூலதனம்’ என்று ஆராய்ந்தனர்.

ஆள், மூலதனம், திறன் என்ற மூன்று வழிகளும் கைகோத்த நாடு தென்கொரியா. கொரியப் போர் முடிந்ததும் தொடக்கக் கல்வி வேகமாகப் பரவியது. அப்படிப் படித்த இளைஞர்களே பின்னர் ஆலைகளுக்கு வந்தார்கள். போகாங் நகரில் எஃகு ஆலை அமைக்கும் திட்டம் கட்டுபடியாகாது என்று 1960களின் இறுதியில் உலக வங்கி கருதியது. எனினும், தன் பழைய காலனி ஆட்சிக்காக ஜப்பான் தந்த இழப்பீட்டுப் பணத்தில் ஒரு பகுதி அதற்குத் திருப்பிவிடப்பட்டது. 1973இல் முதல் கட்டம் முடிந்தபோது ஆண்டுக்கு சுமார் பத்து லட்சம் டன் எஃகு உருக்கும் திறன் வந்தது. ஆனால் உலை எரிவதற்கு முன்பே பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஜப்பானிய ஆலைகளுக்குச் சென்று வேலை பழகியிருந்தார்கள். அதனால் புதிய இயந்திரம் காட்சிப்பொருளாக நிற்கவில்லை.

இன்று அங்கே வேலை செய்வோர் கூடும் முதல் வழி அடைபட்டுவருகிறது. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப்பேறு 0.72, மக்கள்தொகை குறையாதிருக்க 2.1 வேண்டும். இரண்டாவது வழியும் வெகுதூரம் நடந்து தீர்ந்தது: தொழிற்சாலைகளில் ஏறக்குறைய பத்துத் தொழிலாளருக்கு ஒரு ரோபோ இருக்கிறது. எனவே அடுத்த தலைமுறையின் வருமானம் பெரும்பாலும் மூன்றாவது வழியைச் சார்ந்தது. அதில் பள்ளிப் படிப்பு மட்டும் போதாது. ஐம்பது வயதில் வேலை மாறுபவருக்கும் புதிதாகத் தொழில் பழக இடம் வேண்டும்.