இணையம் காட்டும் உலகம்: எந்த வரைபடத்தை நம்புவது?

புது தில்லி: நேபாளத்தின் வரைபடத்தை இணையத்தில் தேடும் பள்ளி மாணவருக்கு இன்று இரண்டு நேபாளங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் அந்நாட்டின் வடமேற்கு மூலை மழுங்கி முடிகிறது. மற்றொன்றில் அதே மூலையிலிருந்து கூரிய முனை ஒன்று நீண்டு, உத்தரகண்ட் மாநிலத்தின் பிதோராகர் மாவட்டத்துக்குள் நுழைகிறது. எது சரி என்று மாணவர் கேட்டால், ஆசிரியர் என்ன பதில் சொல்வார்?

ஜம்மு-காஷ்மீர், லடாக் ஆகிய இரு யூனியன் பிரதேசங்களைக் காட்டும் புதிய அரசியல் வரைபடத்தை இந்தியா 2019 நவம்பர் 2-இல் வெளியிட்டது. அதில் காலாபானி இந்திய எல்லைக்குள் இருப்பதற்கு நேபாளம் ஆட்சேபம் தெரிவித்தது. காலாபானி, லிபுலேக், லிம்பியாதுரா ஆகிய மூன்று பகுதிகளையும் தன்னுடையதாகக் காட்டும் வரைபடத்தை 2020 மே 20-இல் நேபாளம் வெளியிட்டது. அடுத்த மாதமே அரசியல் சாசனத்தைத் திருத்தி, அந்த வரைபடத்தைத் தன் தேசியச் சின்னத்திலும் சேர்த்துக்கொண்டது. இது வரலாற்று ஆதாரமற்ற, ஒருதலைப்பட்சமான செயல் என்று இந்தியா நிராகரித்தது.

இரு நாடுகளின் வெளியுறவு அமைச்சகங்களுக்கு இடையிலான இந்தப் பிரச்னை, இணையத்தின் வழியாக நேராக ஏழாம் வகுப்புக்குள் வந்துவிட்டது. அச்சுப் புத்தகம் மட்டுமே இருந்த காலத்தில் மாணவர் முன் இருந்தது ஒரே வரைபடம். அதுவும் அரசு ஒப்புதல் பெற்றது. இன்றோ உலக நாடுகள் அனைத்தும், அவற்றின் உரிமைக் கோரல்களோடும் எல்லைத் தகராறுகளோடும் வகுப்பறைத் திரையில் தோன்றுகின்றன.

கணினி வந்தது, பிறகு?

பள்ளிகளுக்குக் கணினி வழங்கும் மத்திய அரசின் திட்டம் 2004-இல் தொடங்கப்பட்டது. 2018-இல் அது 'சமக்ர சிக்ஷா' திட்டத்தோடு இணைக்கப்பட்டது. மின்னணுப் பாடங்களுக்கான 'தீக்ஷா' தளம் 2017 செப்டம்பரில் அறிமுகமாயிற்று. கரோனா தொற்றால் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையம் வழியே கற்பிப்பது விருப்பத் தேர்வாக இல்லாமல் கட்டாயமாகிப் போனது.

மத்திய கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் புள்ளிவிவரத்தின்படி, 2023-24 கல்வியாண்டில் நாட்டின் பள்ளிகளில் 53.9 சதவீதத்தில் மட்டுமே இணைய வசதி இருந்தது. 2024-25-இல் இது 63.5 சதவீதமாக உயர்ந்தது. கணினி வசதி உள்ள பள்ளிகள் 57.2 சதவீதத்திலிருந்து 64.7 சதவீதமாகப் பெருகின. ஒரே ஆண்டில் கண்ட இந்த வளர்ச்சி குறிப்பிடத்தக்கதே. ஆனால், மொத்தமுள்ள 14.71 லட்சம் பள்ளிகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை அந்த ஆண்டிலும் இணையமில்லாமலேயே இயங்கின என்பது இதன் மறுபக்கம். கிராமப்புறங்களில் உள்ள அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் 'பாரத் நெட்' மூலம் அகண்ட அலைவரிசை இணைப்பு வழங்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் இதுபற்றி உறுப்பினர்கள் வினா எழுப்புகிறார்கள். அமைச்சகம் தரும் விடைகள் பெரும்பாலும் எண்ணிக்கைகளாகவே அமைகின்றன: இத்தனை பள்ளிகளில் கணினி, இத்தனை பள்ளிகளில் திறன் வகுப்பறை, இத்தனை கோடி ஒதுக்கீடு. அந்தக் கணினியில் எதைக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள், அதற்கு ஆசிரியருக்கு என்ன வழிகாட்டுதல் தரப்பட்டது என்ற வினா அபூர்வமாகவே எழுகிறது. அந்த வினா மிகவும் தேவைப்படும் பாடம் புவியியல்தான்.

அச்சுக்கு முன்னே ஓடும் உலகம்

2011-இல் தெற்கு சூடான் தனி நாடாயிற்று. 2018-இல் ஸ்வாஸிலாந்து, எஸ்வாட்டினி ஆனது. 2019-இல் மாசிடோனியா, வடக்கு மாசிடோனியா ஆனது. கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானா 2019-இல் நூர்-சுல்தான் என்று பெயர் மாறி, 2022-இல் மீண்டும் அஸ்தானாவாகவே ஆயிற்று. பாடநூல் ஒருமுறை அச்சாகிப் பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருக்கும்போது, உலகம் அதற்காகக் காத்திருப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப இணையத்தைவிடச் சிறந்த கருவி இல்லை.

பெயர் மாற்றங்களைத் தெரிந்துகொள்வது இதில் சிறிய பயன்தான். நாடுகளையும் தலைநகரங்களையும் நாணயங்களையும் மனப்பாடம் செய்வதே புவியியல் என்ற பழைய பழக்கத்தை உடைப்பதே பெரிய பயன். அமேசான் படுகை, சஹாரா பாலைவனம், வட அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளி ஆகியவற்றின் வாழ்க்கையை விளக்கிய என்சிஇஆர்டியின் ஏழாம் வகுப்பு நூல் 2007-இல் வந்தது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட அந்த நூலாலும், சில பக்கங்களிலும் சில படங்களிலும் அமேசான் காட்டைக் காட்டிவிட முடியாது.

இணையம் இங்கே என்ன செய்ய முடியும் என்பதற்கு ஏரல் கடல் ஓர் எடுத்துக்காட்டு. கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே இருக்கும் இந்த ஏரி, 1960-இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. பருத்திச் சாகுபடிக்காக ஆமு தரியா, சிர் தரியா ஆகிய இரு நதிகளின் நீரை அன்றைய சோவியத் அரசு திருப்பிவிட்டதால் ஏரி வற்றத் தொடங்கியது. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா, 2000-ஆம் ஆண்டிலிருந்து எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை வரிசையாக இணையத்தில் வைத்திருக்கிறது. நீலப் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவதை மாணவர் கண்ணாலேயே காணலாம். தெற்குப் பகுதியின் கிழக்கு மடல் 2014-இல் முழுவதும் வற்றியதையும், 2005-இல் கஜகஸ்தான் கட்டிமுடித்த கோக்-அரால் அணையால் வடக்குப் பகுதி ஓரளவு மீண்டதையும் அதே வரிசையில் பார்க்கலாம்.

நதிநீர், பருத்தி, அரசின் முடிவு, அதன் விளைவு என்ற நான்கையும் ஒரே பாடத்தில் இணைத்துக் காட்டுவதற்கு இதைவிட நல்ல வழி கிடைப்பது அரிது. இப்பாடத்தைக் கற்ற மாணவர் பஞ்சாபின் நிலத்தடி நீரைப் பற்றியோ காவிரியைப் பற்றியோ படிக்கும்போது வேறு கண்ணோடு படிப்பார். உலக வங்கி தன் புள்ளிவிவரத் தொகுப்பை 2010-இல் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. வங்கதேசத்தின் சராசரி ஆயுட்காலத்தையும் இந்தியாவின் சராசரி ஆயுட்காலத்தையும் ஒரே வரைகோட்டுப் படத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்று பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு மாணவரே போதும்.

திரையின் மயக்கம்

கண்ணால் கண்டது எல்லாம் மெய் என்று மாணவர் நம்பிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. இணைய வரைபடங்கள் பலவும் 1569-இல் மெர்கேட்டர் வகுத்த முறையின் வழிவந்தவை. கடலோடிகளுக்குத் திசை காட்ட உருவான அம்முறை, துருவங்களை நெருங்கும் நிலப்பகுதிகளை ஊதிப் பெருக்கிக் காட்டும். அதில் கிரீன்லாந்து ஏறத்தாழ ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது. இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்தின் பரப்போ சுமார் 21.66 லட்சம்தான். திரையைப் பார்க்கும் குழந்தை இதை நேர்மாறாகவே புரிந்துகொள்ளும்.

இதை வெறும் கணிதப் பிழை என்று ஆப்பிரிக்க நாடுகள் கருதவில்லை. தங்கள் கண்டத்தைச் சிறிதாகக் காட்டும் முறையைக் கைவிட வேண்டும் என்ற இயக்கத்துக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் 2025 ஆகஸ்டில் ஆதரவு தெரிவித்தது. பரப்பளவைச் சரியான விகிதத்தில் காட்டும் 'ஈக்வல் எர்த்' என்ற முறை 2018-இல் உருவாக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், வரைபடம் என்பது உலகின் நிழற்படம் அல்ல, ஒருவர் ஒரு நோக்கத்துக்காக வரைந்தது என்பது மாணவருக்கு விளங்கும்.

சட்டமும் எல்லைக்கோடும்

அளவில் ஏற்படும் குழப்பத்தைவிட, எல்லையில் ஏற்படும் குழப்பம் ஆசிரியருக்கு அதிக அச்சம் தருவது. 1767-இல் தொடங்கப்பட்ட சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வரைபடமே நாட்டின் எல்லைக்கு அதிகாரபூர்வமானது. அதற்கு மாறாக இந்திய வரைபடத்தை வெளியிடுபவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க, 1961-ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டத்தில் 1990-இல் சேர்க்கப்பட்ட பிரிவு வகை செய்கிறது. காஷ்மீரின் எல்லையைத் தவறாகக் காட்டியதற்காக அல் ஜஸீரா தொலைக்காட்சியின் ஒளிபரப்பு 2015 ஏப்ரலில் ஐந்து நாள்கள் நிறுத்தப்பட்டது.

வெளிநாட்டு இணையதளங்களோ வெவ்வேறு கொள்கைகளைப் பின்பற்றுகின்றன. கூகுள் நிறுவனத்தின் வரைபடம் இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு முழுக் காஷ்மீரையும் இந்தியாவுக்குள் காட்டுகிறது. பிற நாடுகளிலிருந்து பார்ப்பவருக்குப் புள்ளிக்கோடுகளைக் காட்டுகிறது. தன்னார்வலர்கள் உருவாக்கும் 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்', களத்தில் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அதன்படி கோடு வரைகிறது. ஐ.நா. சபை தன் வரைபடங்களின் அடியில், இந்த எல்லைகளை அங்கீகரித்ததாகப் பொருள் கொள்ளக் கூடாது என்று குறிப்பிட்டுவிடுகிறது. 2023 ஆகஸ்டில் சீனா வெளியிட்ட 'நிலையான வரைபடம்' அருணாசலப் பிரதேசத்தையே தன்னுடையதாகக் காட்டியது. இந்தியா கடும் கண்டனம் தெரிவித்தது.

இவ்விஷயத்தில் அரசின் அணுகுமுறையும் ஒரே சீராக இருந்ததில்லை. கூகுள் எர்த் அறிமுகமான 2005-ஆம் ஆண்டிலேயே, அதன் படங்களால் பாதுகாப்புக்கு ஏற்படக்கூடிய ஆபத்தைப் பற்றி அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் எச்சரித்தார். இஸ்ரோ 2009-இல் 'புவன்' தளத்தைத் தொடங்கியது. பள்ளி மாணவர்களுக்கான பகுதியும் அதில் பின்னர் உருவாயிற்று. புவியிடத் தகவல்களைத் தவறாகக் காட்டினால் 100 கோடி ரூபாய் வரை அபராதமும் ஏழாண்டுச் சிறையும் விதிக்க வகை செய்யும் மசோதாவின் வரைவை உள்துறை அமைச்சகம் 2016-இல் வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததால் அது சட்டமாகவில்லை. ஐந்தே ஆண்டுகளில், 2021 பிப்ரவரியில், வரைபடத் தயாரிப்பின் மீதான கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்த்தப்பட்டன. 2022 டிசம்பரில் தேசிய புவியிடக் கொள்கை அறிவிக்கப்பட்டது. தொழில் நிறுவனங்களுக்குக் கதவு திறந்த இந்த மாற்றம், வகுப்பறை ஆசிரியரின் குழப்பத்தைத் தீர்க்கவில்லை.

ஆசிரியருக்கு யார் துணை?

இந்நிலையில் ஆசிரியர்கள் இரண்டில் ஒன்றைச் செய்யக்கூடும். வம்பே வேண்டாம் என்று இணையத்தை ஒதுக்கிவிட்டுப் பழையபடி தலைநகரங்களை ஒப்பிக்கச் செய்யலாம். அல்லது, கிடைத்த படத்தை எதையும் சோதிக்காமல் திரையில் காட்டிவிடலாம். இரண்டுமே மாணவருக்கு இழப்பு.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதற்குப் பெரும் செலவும் ஆகாது. இந்திய எல்லைக்குச் சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தையே பயன்படுத்த வேண்டும் என்ற விதியோடு நின்றுவிடாமல், பிற நாடுகளின் வரைபடங்களைக் காட்டும்போது எல்லைத் தகராறை எப்படி விளக்குவது என்பதையும் கல்வி அமைச்சகமும் என்சிஇஆர்டியும் தெளிவான கையேடாகத் தரலாம். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கேள்விகளைக் கேட்க மாணவரைப் பழக்கலாம்: இதை வெளியிட்டது யார்? எந்த ஆண்டில்? எதற்காக? ஆசிரியர் பயிற்சியில் கணினியை இயக்கக் கற்பிப்பதைவிட, இந்தக் கேள்விகளைக் கற்பிப்பதே முதன்மையானது.

இணையமில்லாத ஐந்து லட்சம் பள்ளிகளையும் இதில் மறந்துவிட முடியாது. ஏரல் கடலின் படங்களை வட்டார அளவில் பதிவிறக்கி அச்சிட்டுக் கொடுத்தால், மின்சாரமே இல்லாத வகுப்பறையிலும் பாடம் நடத்தலாம். மொழி இன்னொரு தடை. உலக நாடுகளைப் பற்றிய சிறந்த இணையவளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழகம் 2018-இல் வெளியிட்ட புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகளை அச்சிட்டு, மின்னணுப் பாடங்களைத் தாய்மொழிப் புத்தகத்தோடு இணைத்தது. பிற மொழிகளிலும் உலகப் புவியியலுக்கு இத்தகைய முயற்சி விரிவடைந்தால்தான், ஆங்கிலம் அறிந்தவருக்கு மட்டுமே உலகம் என்ற நிலை மாறும்.

நதியின் பிறப்பிடம்

மீண்டும் அந்த ஏழாம் வகுப்பு மாணவரின் கேள்விக்கு வருவோம். 1816-இல் நடைமுறைக்கு வந்த சுகௌலி ஒப்பந்தம், காளி நதியை நேபாளத்தின் மேற்கு எல்லையாக வகுத்தது. அந்த நதி எங்கே பிறக்கிறது என்பதில்தான் இன்றைய தகராறு. லிம்பியாதுராவிலிருந்து வரும் ஓடையே காளி என்கிறது நேபாளம். அதற்குக் கிழக்கே, காலாபானி அருகே உள்ள ஊற்றுகளிலிருந்தே காளி பிறக்கிறது என்கிறது இந்தியா.

ஆக, இது முழுக்க முழுக்கப் புவியியல் கேள்வி. செயற்கைக்கோள் படத்தில் அந்த மலைகளையும் ஓடைகளையும் லிபுலேக் கணவாயையும் மாணவர்களுக்குக் காட்டலாம். இந்தியாவின் நிலை இது, அதற்கான காரணம் இது, அண்டை நாடு சொல்வது இது என்று ஆசிரியர் தயக்கமின்றி விளக்கலாம். அப்படிக் கற்ற மாணவர் நாட்டின் எல்லையை வெறும் கோடாக அல்லாமல், காரணத்தோடு அறிந்திருப்பார். அண்டை நாட்டைப் பகையாக அல்லாமல், தனக்கென ஒரு வாதம் உள்ள நாடாகவும் அறிந்திருப்பார். நாளைய வாக்காளருக்கு இந்த இரண்டு அறிவும் வேண்டும். பள்ளிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி போய்ச் சேரும் நாளில், அதன் மறுமுனையில் இதைச் சொல்லித்தரத் துணிந்த ஆசிரியரும் இருக்கிறாரா என்பதே நாடாளுமன்றம் அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி.