ஆறடியில் ஓர் ஆசனம்

வீட்டின் பெருமையை அதன் அறைகளின் தொகை கொண்டு அளப்பது உலக வழக்கு. ஆனால், ஒரு வீட்டில் மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர், அவர்கள் எதன்மீது அமர்ந்திருக்கின்றனர் என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும். நிற்பதும் நடப்பதும் பெரும்பாலும் தொழிலின்பாற்பட்டவை, கிடப்பது உறக்கத்துக்குரியது. படிப்பதும், பேசுவதும், மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அமர்ந்தே நிகழ்கின்றன. இடம் தாராளமாக உள்ள வீட்டில் இவ்வுண்மை கண்ணிற்படுவதில்லை. இடம் சுருங்கச் சுருங்கத் தெளிவாகின்றது. இங்கிலாந்தின் கால்வாயொன்றில் மிதக்கும் ஒடுங்கிய படகிலே, உணவு மேசையை அகற்றி அவ்விடத்தில் ஒரு சோபா அமைக்கப்பட்டதை அருகிருந்து கண்டபோது இதனை நான் நன்குணர்ந்தேன்.

ஏழடி அகலத்தின் கதை

‘நரோ போட்’ என்று ஆங்கிலேயர் வழங்கும் அப்படகின் அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியியலாளர் மத்திய இங்கிலாந்திற் கால்வாய்களை வகுத்தபோது, படகுகளை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் உதவும் ‘லொக்’ என்னும் கதவுமடைகளை ஏறத்தாழ 7 அடி அகலத்திலேயே அமைத்தார். மடை பெரிதானாற் செலவு பெருகும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நீர் அதிகம் வெளியேறும். அன்று அவர் விதித்த அளவே இன்றும் அங்குள்ள படகுகளை ஆள்கின்றது. படகின் நீளம் 70 அடிவரை வளரலாம்; அகலம் வளர வழியில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புகையிரதம் போட்டிக்கு வந்தது. சரக்குக் கூலி வீழ்ந்தது. கரையிலே தனி வீடு வைத்திருக்க இயலாத படகோட்டிகள் பலர், மனைவி மக்களையும் படகில் ஏற்றிக்கொண்டனர். படகின் பின்பகுதியில், 10 அடிக்கும் குறைந்த நீளமுள்ள ஓர் அறையே அவர்களுக்கு அடுக்களையும் உணவறையும் படுக்கையறையுமாயிற்று. அங்கே ஓர் அலுமாரியின் கதவைக் கீழே சாய்த்தால் அது மேசை. மற்றோர் அலுமாரியின் கதவைக் குறுக்கே இறக்கினால் அது கட்டில். பக்கவாட்டு வாங்கு பகலில் ஆசனம், இரவிற் பிள்ளைகளின் படுக்கை. அந்நெருக்கத்திலும் சுவரிற் பித்தளைக் குமிழ்களையும் பின்னலோரத் தட்டுகளையும் மாட்டி, கதவுகளில் ரோசாப் பூக்களையும் கோட்டைகளையும் தீட்டி அழகு கண்டனர். ஆயினும், அழகு நெருக்கத்தை நீக்கவில்லை. ஜோர்ஜ் சிமித் என்பாரது இடையறாத கிளர்ச்சியின் பயனாக 1877இலும் 1884இலும் சட்டங்கள் பிறந்தன. ஓர் அறையில் எத்தனை பேர் வாழலாம் என்பது அதன் அளவைக்கொண்டு வரையறுக்கப்பட்டது.

1939இல் எல். ரீ. சி. ரோல்ற் என்னும் எழுத்தாளர், தம் மனைவியுடன் ‘கிரெசி’ என்னும் படகிற் குடியேறிக் கால்வாய்களிற் பயணஞ் செய்தார். அப்பயணத்தைக் கூறும் அவரது நூல் 1944இல் வெளிவந்தது. கைவிடப்பட்டுக்கொண்டிருந்த நீர்வழிகளின்மீது கற்றோரின் கண் திரும்ப அந்நூல் பெரிதும் காரணமாயிற்று. 1946இல் உண்ணாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் அவரும் ஒருவர். 1962–63ஆம் ஆண்டுக் கடுங்குளிரிற் கால்வாய்கள் உறைந்தன. அதன்பின் சரக்குப் படகுத் தொழில் ஏறக்குறைய முடிவுற்றது. ஆனால், படகுகள் மறையவில்லை. உல்லாசத்துக்கும் குடியிருப்புக்குமெனப் புதியன கட்டப்பட்டன. இன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் நீர்வழிகளைப் பராமரிக்கும் அறநிதியத்தின் கீழ் 30,000க்கு மேற்பட்ட படகுகள் அனுமதி பெற்றுள்ளன.

இரண்டு வேலை செய்யும் மேசை

இப்புதிய படகுகளிற் பெரிதும் காணப்படுவது ‘டைனெற்’ என்னும் அமைப்பு. எதிரெதிரே இரு வாங்குகள், நடுவே ஒரு மேசை. இரவில் மேசையைத் தாழ்த்தி இரு வாங்குகளுக்கும் இடையே பொருத்தி, மெத்தைகளைப் பரப்பினால் இருவர் படுக்கும் கட்டில் ஆகிவிடும். எதிரெதிர் ஆசனங்களை இணைத்துப் படுக்கையாக்கும் இவ்வுத்தியை ஜோர்ஜ் புல்மனின் அமெரிக்கப் புகையிரதப் பெட்டிகள் புகழ்பெறச் செய்தன. அதனாற் படகுக்காரர் இதனை இன்றும் ‘புல்மன்’ டைனெற் என்றே அழைக்கின்றனர்.

விடுமுறைக்கு ஒரு கிழமை வந்து போவோருக்கு இதனினும் சிறந்த அமைப்பு இல்லை. ஆண்டு முழுவதும் அங்கே வாழ்வோருக்கோ நிலைமை வேறு. கட்டிலின் நீளம் 6 அடி. அதனை மூன்றாகப் பங்கிட்டால் வாங்குக்கு 2 அடி, மேசைக்கு 2 அடி, மற்றை வாங்குக்கு 2 அடி. அந்த 2 அடிக்குள் முதுகணையும் அடங்கவேண்டும். ஆகவே, முதுகு பலகைபோல் நிமிர்ந்து நிற்கும். படுக்கை சமதளமாயிருக்கவேண்டும் என்பதால் ஆசனமும் சரிவின்றித் தட்டையாயிருக்கும். காலை நீட்டினால் எதிரே இருப்பவரின் கால். உண்ணும் அரைமணி நேரம் அதில் இருக்கலாம். மாரிகாலத்து மாலை முழுவதும் இருத்தல் ஒரு தவம்.

ஒரு தம்பதியரின் தேவை

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியாரும் என் நெடுநாளைய நண்பர்கள். இலண்டனையும் பேர்மிங்காமையும் இணைக்கும் கிராண்ட் யூனியன் கால்வாயில், 50 அடிப் படகொன்றிற் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். 2023இல் அவ்வம்மையாருக்கு இடுப்பு மூட்டு மாற்றுஞ் சத்திரசிகிச்சை நடந்தது. தாழ்ந்த ஆசனத்தில் அமரலாகாது, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கலாகாது என்பது அவருக்கு வழங்கப்பட்ட அறிவுரை. அப்படகிலிருந்த வாங்கின் உயரமோ, மெத்தை அமுங்கியபின் 15 அங்குலம். அவர் படுக்கவும் நிற்கவும் முடிந்தது, இருக்க முடியவில்லை. படகை விற்றுவிட்டுக் கரைக்கு வந்துவிடுமாறு மகள் வற்புறுத்தினாள். குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கணவருக்கு மேசையைப் பிரிய மனமில்லை. பள்ளி விடுமுறையிற் பேரப்பிள்ளைகள் இருவர் அதன்மேலே சீட்டாடி, அதன்மேலேயே உறங்குவர். அவர் கடிதமெழுதுவதும் அங்கேதான். மனைவியார் கணக்கொன்று சொன்னார்: “நாம் உண்பது நாளில் ஒரு மணி நேரம். இருப்பது பத்து மணி நேரம். பிள்ளைகள் வருவதோ ஆண்டில் மூன்று கிழமை. யாருக்காக இந்த வீட்டை ஒழுங்கு செய்து வைத்திருக்கிறோம்?” அக்கேள்விக்கு அவரிடம் மறுமொழி இருக்கவில்லை. அடுத்த வாரம் வேலை தொடங்கியது. நானும் சென்றிருந்தேன். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிப்பதும் தேநீர் ஊற்றுவதும் எனது பணிகள்.

மரமும் அளவும்

கடையில் ஒரு சோபா வாங்கி வைத்தாலென்ன என்று கேட்கலாம். படகின் கதவு 2 அடி அகலம். அதற்குள் நுழையக்கூடிய சோபாவை நாங்கள் கண்டிலோம். ஆகவே, உள்ளேயே கட்டுதல் வேண்டும்.

முதலில் உயரம். நண்பர் வாங்கின்மேல் ஒரு பலகையை வைத்து, அதன்கீழே புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். அம்மையார் அமர்ந்தும் எழுந்தும் பார்த்தார். கைத்துணையின்றி அவர் எழக்கூடிய உயரம் 19 அங்குலம் என்று தெரிந்தது. கைப்பிடிச் சாய்வுகளும் உறுதியாக வேண்டும் என்பது அப்போதே புலனாயிற்று. மென்மையும் தாழ்வுமே சுகம் என்று நாம் எண்ணுகின்றோம். நோயுற்ற உடலுக்கோ எழுந்திருக்க இயல்வதே முதற்சுகம்.

அடுத்தது சுவர். படகின் பக்கம் நேராக எழுவதில்லை. அடிப்பகுதியின் மேல்விளிம்பிலே, வெளிப்புறத்தில் மனிதர் கால்வைத்து நடக்கும் ஒடுங்கிய திட்டு ஒன்று உண்டு. அதற்கு மேலே அறைச்சுவர் உள்வாங்கி நின்று, மேலே செல்லச் செல்ல இன்னும் உட்சாய்கின்றது. எனவே, சுவரோடு ஒட்டி அமர்ந்தால் முதுகு பின்னே செல்லும். தலையைச் சுவர் முன்னே தள்ளும். இதற்கு மாற்று, ஆசனம் முழுவதையும் முன்னே கொணர்வதே. முதுகணையைச் சற்றுச் சாய்த்து வைத்து, அதன்பின்னே எஞ்சிய இடுக்கை மேலே பலகையிட்டு மூடினர். இழந்த இடம் புத்தகத்தட்டாக மீண்டது.

ஆசனத்தின் ஆழம் 20 அங்குலம். முதுகணைக்கும் தட்டுக்கும் 8 அங்குலம். படகின் உள்ளகலம் 6 அடியாதலால் நடப்பதற்கு 44 அங்குலம் மிஞ்சியது. முன்பு மிஞ்சியது 24 அங்குலமே. உட்காரும் தளத்தைப் பலகையால் மூடாமல் மரச்சட்டங்களால் அமைத்தனர். சட்டங்கள் இரு தொகுதி. இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று பொருந்தும். ஒரு தொகுதி நிலையானது. மற்றையது முன்கால்களுடன் வெளியே இழுபடும். இழுத்துவிட்டு, முதுகணை மெத்தையை எடுத்து முன்னே பரப்பினால் 40 அங்குல அகலமுள்ள படுக்கை. பழைய கட்டிலைவிட 8 அங்குலம் குறைவு. எனினும் பேரப்பிள்ளைகளின் இடம் பறிபோகவில்லை.

சட்டங்களுக்கு வேறொரு நியாயமும் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே படகின் இரும்பு குளிர்ந்திருக்கும். மனிதரின் மூச்சிலும் சமையலிலும் எழும் ஈரம் அங்கே வியர்வையாகப் படியும். காற்றுப் புகாத மெத்தையின் அடியிற் பூஞ்சணம் பிடித்துவிடும். இடைவெளியுள்ள தளமே மெத்தையைக் காக்கும். மெத்தை தீயைத் தாங்குவதாயிருக்கவேண்டும் என்பதிலும் நண்பர் உறுதியாயிருந்தார். 1979இல் மான்செஸ்ரர் நகரத்துக் கடையொன்றில் மெத்தைத் தளபாடங்கள் பற்றி எரிந்தபோது பத்துப்பேர் மாண்டனர். 1988இல் அந்நாட்டில் வந்த கடுமையான தளபாடத் தீப்பாதுகாப்பு விதிகளுக்கு அதுபோன்ற விபத்துகளே வழிகோலின. விறகடுப்பும் ஒடுங்கிய வாயிலும் உள்ள படகில் இது சிறு விடயமன்று.

வேலை முடிந்தது என்றிருந்தபோது தேநீர்க் கோப்பை ஒரு செய்தி சொன்னது. கோப்பையிலே தேநீர் ஒருபுறம் உயர்ந்து நின்றது. இரு வாங்குகளின் அடியிற் பரவிக் கிடந்த கருவிகளும் நிலக்கரிப் பைகளும் இப்போது சுவரோரமாய் ஒரே வரிசையில் அமர்ந்ததால் படகு ஒருபுறம் சாய்ந்திருந்தது. தரைப்பலகையைத் தூக்கி, அடியிற் பாரத்துக்காக வைத்திருந்த கற்பாளங்கள் சிலவற்றை எதிர்ப்புறம் மாற்றினார் நண்பர். கரையிலுள்ள வீட்டில் ஒரு கதிரையை இடம் மாற்றினால் வீடு சாய்வதில்லை. படகிலே ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபக்கத்தில் ஓர் ஈடு செய்தாகவேண்டும்.

பெற்றதும் இழந்ததும்

பழைய மேசையின் ஒரு பகுதியை அறுத்து, தரையிற் பதித்த கிண்ணத்திலே குழாய்க்கால் ஒன்றை நிறுத்தி அதன்மேற் பொருத்தினர். இருவர் உண்ணலாம், ஒருவர் எழுதலாம். நால்வர் கூடியிருந்து உண்ணுதல் இனி அப்படகில் இல்லை. அதனை மறைத்துக் கூறுவதிற் பயனில்லை.

வேறொரு மாற்றத்தையும் நண்பரே எனக்குச் சுட்டிக்காட்டினார். மேசை இருந்தபோது அவர்கள் எதிரெதிரே அமர்ந்தார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தது. இப்போது பக்கம் பக்கமாக அமர்ந்து, எதிர்ச் சாளரத்தில் ஒரே நீரைப் பார்க்கின்றனர். “முன்பு ஒருவரோடொருவர் வாதாடினோம், இப்போது வாத்துகளைப் பற்றிப் பேசுகின்றோம்” என்றார். அதிலே சிறிது வருத்தமும் இருந்தது. ஆனால் அம்மையார் அந்தக் குளிர்காலத்தைப் படகிலேயே கழித்தார். கரைக்கு வருமாறு மகள் கேட்பதும் நின்றது.

படகைக் கட்டி விற்பவர் அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்று எண்ணுகின்றார். வாங்குபவரும் அவ்வெண்ணிக்கையைக் கேட்டே மகிழ்கின்றார். வரக்கூடிய விருந்தினருக்காக, இருக்கின்ற மனிதர் நிமிர்ந்த பலகையில் ஆண்டு முழுவதும் முதுகு நோக அமர்ந்திருக்கின்றார். இக்குறை படகுகளுக்கு மட்டும் உரியதன்று. யாருக்காகவோ பூட்டி வைத்த விறாந்தை அறைகளும், உறை நீக்கப்படாத கதிரைகளும் பெரிய வீடுகளிலும் உண்டு. அங்கே இடம் மிகுதியாதலால் கேள்வி எழுவதில்லை. ஆறடிக்குள் வாழ்வோருக்கு அக்கேள்வியைத் தள்ளிவைக்க இடமில்லை. தமக்கு எது வேண்டும் என்று அவர்கள் ஒருநாள் அளந்து பார்த்தேயாகவேண்டும். பெறுவதற்கு ஈடாக எதனை விடுவது என்றும் அன்றே முடிவு செய்யவேண்டும். அந்த அளவையை அறிந்தவர்க்கு 7 அடி அகலமும் போதிய வீடாகின்றது.