வேடதாரியோடு ஒட்டிக்கொண்ட மீன்

2011 ஜூலையில், இந்தோனேசியாவின் சுலவேசித் தீவை ஒட்டிய லெம்பே நீரிணையில் ஓர் ஆக்டோபஸைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோடேஹார்ட் கோப். பழுப்பும் வெள்ளையுமாக வரியோடிய நீண்ட கைகளை அலையவிட்டபடி அது மணல்மேல் போய்க்கொண்டிருந்தது. கைகளுக்கிடையே, அதே நிறத்தில், ஒரு சின்ன மீனும் கூடவே போனது.

காணொளியைப் பார்த்த கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் லூயிஸ் ரோச்சா, மீனை அடையாளம் கண்டார். ஸ்டாலிக்ஸ் ஹிஸ்ட்ரியோ என்ற தாடைமீன் இனம்.

தாடைமீனை வீட்டைவிட்டு வெளியே பார்த்ததுதான் இதில் அதிசயம். கடலடி மணலில் வளை தோண்டி வாழும் குடும்பம் இது. தோண்டுவதும் மண் அள்ளுவதும் வாயால்தான். வாய் நிறைய மணலை அள்ளி வெளியே துப்பும். சரியாமலிருக்கச் சிறு கற்களையும் சிப்பித் துண்டுகளையும் கவ்விவந்து சுவரில் பதிக்கும். தலையை மட்டும் நீட்டி, மிதந்துவரும் இரையைப் பிடிக்கும். ஏதாவது நெருங்கினால் வால் முதலில் உள்ளே போய்விடும். முட்டைகளை அடைகாக்கும் இடமும் வாய்தான், அதுவும் அப்பாவின் வாய். குஞ்சு பொரியும்வரை முட்டை உருண்டையை அவ்வப்போது வெளியே தள்ளி உள்ளிழுத்துப் புதுநீர் படவிடும். நன்றாக நீந்தத் தெரியாத இந்த மீனுக்குத் திறந்த மணல்வெளி ஆபத்தான இடம்.

கூடப்போன ஆக்டோபஸோ சாதாரணமானதல்ல. 1998-ல் சுலவேசியை ஒட்டிய கடலில் கண்டறியப்பட்ட அது விஷமுள்ள சிங்கமீன், கடல்பாம்பு, நாக்குமீன் போலெல்லாம் உருவம் காட்டிப் பகைவரை ஏய்க்கும். அந்த வேடதாரியின் கைகளோடு கையாக ஒட்டிக்கொண்டால் மீனுக்கும் பாதுகாப்பு.

அப்படியென்றால் ஆக்டோபஸைப் பார்த்தா மீன் இந்த வரிகளைப் பெற்றது? அப்படி நினைக்க இடமில்லை. மீன் ஜப்பானிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. ஆக்டோபஸோ முக்கியமாக இந்தோனேசிய, மலேசியக் கடல்களில்தான். மற்ற இடங்களில் இதே வரிகளோடு மீன் தன் வளையிலேயே காலம் தள்ளுகிறது. ஆகவே ரோச்சாவும் அவருடைய சக ஆய்வாளர் ரிச் ராஸும் கோப்பும் ‘கோரல் ரீஃப்ஸ்’ ஆய்விதழில் இதைச் சந்தர்ப்பவாதப் போலி என்றே குறித்தனர். நிறம் தற்செயலாகப் பொருந்தியது. மீன் அதைப் பயன்படுத்திக்கொண்டது. ‘நடிகனை நடித்துக்காட்டிய மீன்’ என்று செய்திகள் கொண்டாடியதைவிட இந்த நிதானமான சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் கையிலிருந்த ஆதாரம் ஒரேயொரு காணொளிதானே.