கார்பன்டேல் நகரின் கிரகணத் திருநாள்

ஊர் கூடிச் செய்யும் திருநாள்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் வருவன. இவ்வாண்டு காணத் தவறியோர் மறு ஆண்டில் கண்டு மகிழலாம். ஆயின், ஓரூரில் பிறந்து அவ்வூரிலேயே வாழ்ந்து முடிந்த ஒருவர் ஒருகாலும் கண்டறியாத திருநாள் ஒன்றுண்டு. அது பூரண சூரிய கிரகணம். பூமியின்மேல் யாதேனும் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கு ஒரு பூரண கிரகணம் நிகழ்ந்த பின் அடுத்தது வருவதற்கு எத்துணைக் காலம் செல்லும் எனக் கணக்கிட்டோர், சராசரியாக ஏறத்தாழ 375 ஆண்டுகள் என்பர். இக்கணக்கை நகைப்பதுபோல், ஏழாண்டுகளுக்குள் இருமுறை இப்பேற்றினைப் பெற்ற சிறு நகரம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உளது. இல்லினாய்ஸ் மாகாணத்தின் தென்பகுதியிலுள்ள கார்பன்டேல் என்பது அதன் பெயர். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாளிலும், 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாளிலும் சந்திரனுடைய நிழல் அந்நகரின்மீது படிந்து சென்றது. அவ்விரு நாள்களிலும் அங்கு நிகழ்ந்தவற்றை நம் கல்லூரி அன்பர்கள் அறிதல் பயனுடைத்தென்று கருதி ஈண்டு எழுதலானேன்.

கிரகணத்தின் இயல்பைப் பலரும் பாடசாலையிலேயே கற்றிருப்பராயினும், ஒன்றிரண்டு செய்திகளை நினைவூட்டுதல் தகும். சூரியன் குறுக்களவில் சந்திரனைப்போல் ஏறக்குறைய 400 மடங்கு பெரிது. தொலைவிலும் ஏறக்குறைய 400 மடங்கு சேய்மையில் உளது. ஆதலின், வானில் இரண்டும் ஒத்த அளவினவாய்த் தோன்றுகின்றன. அமாவாசைதோறும் சந்திரன் சூரியனிருக்கும் திசையில் வருமாயினும், அதன் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருத்தலின், பெரும்பாலும் அதன் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ கழிந்துவிடும். அவ்விரு பாதைகளும் வெட்டுமிடங்களுக்கு அண்மையில் அமாவாசை நேர்ந்தாலன்றிச் சூரிய கிரகணம் இல்லை. அவ்வெட்டுமிடங்களுக்கே நம் நாட்டுச் சோதிட நூலார் இராகு, கேது எனப் பெயரிட்டு, அவற்றின் இயக்கத்தைக் கணித்து வந்தனர். பாம்பு விழுங்குவதாகச் சொல்லப்படும் கதையின் பின்னால் இத்துணைச் செம்மையான கணிதம் இருந்தமை வியத்தற்குரியது.

சந்திரனுடைய முழுநிழல் பூமியில் படும் இடம் மிகக் குறுகியது. 2017ஆம் ஆண்டில் அஃது ஏறத்தாழ 110 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையாக, ஆரிகன் கடற்கரையினின்று தென் கரோலினா வரையில் ஒன்றரை மணி நேரத்தில் ஓடிற்று. பட்டைக்கு வெளியே நின்றோர்க்குப் பகுதி கிரகணமே. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையைப் பலர் உணர்வதில்லை. நூற்றில் 99 பங்கு மறைந்தாற் போதாதோ என்று வினவுவர். போதாது. சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிமகுடம், அதாவது கொரோனா என்பது, சூரிய வட்டத்தின் ஒளியில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே உடையது. எஞ்சி நிற்கும் அந்த ஒரு பங்கு சூரியனும் ஒளிமகுடத்தினும் பதினாயிரம் மடங்கு பேரொளி வீசி, அதனை முற்றும் மறைத்துவிடும். சிக்காகோ மாநகரில் 2017இல் சூரிய வட்டத்தின் நூற்றில் 87 பங்கு மறைந்தது. ஆயினும் அந்நகரத்தாரிற் பலர் அதனோடு அமையாது, அன்று விடியற்காலை மூன்று மணிக்கே புறப்பட்ட தனி ரயில் வண்டியில் ஏறி, 500 கிலோமீட்டர் தெற்கேயுள்ள கார்பன்டேலை நோக்கிப் பிரயாணமாயினர். இவ்வேற்றுமையை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

கார்பன்டேல் சுமார் 22,000 மக்கள் வாழும் நகரம். தென் இல்லினாய்ஸ் சர்வகலாசாலை அங்குளது. நகரத்திற்குத் தெற்கே மக்கண்டா என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்குக் குடியிருப்போர் ஐந்நூற்றுச் சொச்சம் பேரே. 2017ஆம் ஆண்டுக் கிரகணத்தின் பூரண நிலை மிக நீண்ட நேரம் நின்ற இடம் அச்சிற்றூரின் அயலிலேயே அமைந்தது. நீண்ட நேரம் என்றேன். அஃது இரண்டு நிமிடமும் நாற்பது விநாடியும் மட்டுமே! இத்துணைச் சிறு பொழுதுக்காக நகரசபையாரும் சர்வகலாசாலையாரும் நெடுநாள் முன்னதாகவே ஆலோசனைகள் தொடங்கிவிட்டனர். வருவோர் தங்குதற்கு இடம், வண்டிகள் நிறுத்தும் வெளி, குடிநீர், கழிப்பிடம், வைத்தியர், போலீஸார் என ஏற்பாடுகளுக்கு ஓர் எல்லையில்லை. விடுதிக்காரர் வாடகையை உயர்த்தினர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. திருவிழா எங்கு நடப்பினும் கடைக்காரர்க்கும் அது திருவிழாவே.

கொண்டாட்டத்தின் நடுநிலையமாகச் சர்வகலாசாலையின் விளையாட்டரங்கு அமைந்தது. அதில் ஏறத்தாழ 14,000 பேர் கூடினர். சிக்காகோவிலுள்ள ஆட்லர் கோளரங்கத்தாரும், நாசா எனப்படும் வானவெளி நிலையத்தாரும் வந்திருந்து, ஒலிபெருக்கி வாயிலாகவும் பெருந்திரை வாயிலாகவும் நிகழ்வதை அவ்வப்போது விளக்கினர். பகல் 11 மணி 52 நிமிடத்திற்குச் சந்திரனின் விளிம்பு சூரியனைத் தொட்டது. 1 மணி 20 நிமிடத்திற்குப் பூரண நிலை. இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் கடும் வெயிலில் மக்கள் காத்திருந்தனர்.

பூரணம் நெருங்கும் வேளையில் ஒரு மேகம் வந்தது. வானத்தின் பெரும்பகுதி தெளிவாயிருக்க, அவ்வொரு மேகம் சூரியனைக் கவிந்து நின்றது. இருள் பரவிற்று, காற்றின் வெம்மை தணிந்தது, தொடுவானம் சுற்றிலும் அந்திச் செவ்வொளி படர்ந்தது. இவை மேகத்தாற் கெடுவன அல்ல. ஆனால், ஒளிமகுடம் தோன்றவில்லை. பூரண நிலை முடிதற்குச் சில விநாடிகள் இருக்கையில் மேகத்தினிடையே சிறு வெளி பிறந்தது. கருவட்டமும், அதன் விளிம்பில் வைர மோதிரத்தின் கல்லெனச் சுடர்ந்த முதற் கதிரும் ஒரு கணம் தெரிந்தன. அரங்கு முழுதும் ஆரவாரித்தது. சில மைல் அப்பால் வெளியில் நின்றோரோ குறையின்றிக் கண்டனர்.

ஈண்டு ஒரு வினா எழும். பதினாலாயிரம் பேரை ஓரிடத்தில் அமர்த்தியது அறிவுடைமையோ? தனியே செல்லும் வானநூலார் மேகம் கண்டவிடத்து வண்டியேறி வேறிடம் நாடுவர். அரங்கிற் கூடிய மக்கட் பெருந்திரள் அவ்வாறு நகர இயலாது. காட்சி ஒன்றையே பயனாகக் கருதின், இக்குறை பெருங்குறையே, அதனை மறுத்தற்கில்லை. ஆயினும், கூட்டமாகக் கூடுவதில் வேறொரு பயன் உளது. அது கண்ணைப் பற்றியது.

சூரியனை வெறுங்கண்ணால் நோக்கின், கண்ணின் உட்புறத்துள்ள விழித்திரை கருகிப் பார்வை பழுதுறும். விழித்திரைக்கு நோவுணர்ச்சி இன்மையால், கேடு நிகழும்போது நோக்குவோன் அதனை அறியான். பல மணி நேரம் கழிந்த பின்னரே பார்வையின் நடுவில் மாசு தோன்றக் காண்பான். புகையேற்றிய கண்ணாடித் துண்டு, சாதாரணக் கறுப்புக் கண்ணாடி, பழைய புகைப்படச் சுருள் ஆகியவை போதிய காவலல்ல. சர்வதேச விதிப்படி செய்யப்பெற்ற கிரகணக் கண்ணாடியின் கரும்படலம் சூரிய ஒளியில் இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே உள்ளே விடும். அதுவுமின்றேல், அட்டையில் ஊசித் துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அத்துளை வழியே தரையில் விழும் பிம்பத்தைக் காணலாம். சமையலறைச் சல்லடையும், மரத்தின் இலைகளுக்கிடையேயுள்ள சந்துகளும் இவ்வேலையைச் செய்யும். மர நிழலெங்கும் நூற்றுக்கணக்கான பிறைகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்துக் குழந்தைகள் துள்ளுவர்.

இனி, பூரண கிரகணத்திற்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. சூரிய வட்டம் முற்றும் மறைந்திருக்கும் அச்சில நிமிடங்களில் மட்டும் வெறுங்கண்ணால் நோக்குதல் தீங்கற்றது. ஒளிமகுடத்தின் ஒளி பூரணச் சந்திரனது ஒளியை ஒத்ததே. அப்பொழுது கண்ணாடியைக் கழற்றாதவன் இருளையன்றி வேறெதுவும் காணான். முன்னதாகக் கழற்றுபவனும், முதற்கதிர் தோன்றிய பின்னும் அணியாதவனும் கண்ணை இழக்க நேரும். எனவே ‘இப்பொழுது கழற்றுக’, ‘இப்பொழுது அணிக’ என்று தக்க நேரத்தில் உரத்துக் கூறவல்ல ஒருவர் அருகில் வேண்டும். தனித்து நிற்கும் குடும்பத்தில் அவரை எங்குத் தேடுவது? திரண்ட கூட்டத்தில் ஒருவர் கூறுவது பதினாலாயிரம் பேருக்குக் காவலாகின்றது. 2017ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே சில பாடசாலைகளின் அதிகாரிகள் பிள்ளைகளின் கண்ணுக்கு அஞ்சி அவர்களை வகுப்பறைக்குள்ளேயே இருத்தினர். அவ்வச்சம் நியாயமானதே, ஆனால் அதற்கு மருந்து கதவை அடைத்தல் அன்று. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பொது நூல்நிலையங்களின் வழியாக இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட கிரகணக் கண்ணாடிகளை அவ்வாண்டில் இலவசமாக வழங்கினர். புத்தகம் வாங்க வந்த சிறுவன் கண்ணாடியும் அதனைப் பயன்படுத்தும் முறையும் பெற்றுச் சென்றான். ஆண்களும் பெண்களுமாக வயது வந்தோர் மட்டுமே 15 கோடிக்கு மேற்பட்டவர் அன்று கிரகணத்தை நேரிற் கண்டனர் என மிச்சிகன் சர்வகலாசாலையார் மதிப்பிட்டனர்.

கண்ணில்லாதாரையும் மறக்கவில்லை. ஒளி குறையக் குறைய ஒலியின் சுருதி மாறும் சிறு கருவி ஒன்றினை ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்தோர் 2017இல் இயற்றினர். 2024இல் அக்கருவிகள் பல ஊர்க் கூட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. பார்வையற்றோர் அவ்வொலி தாழ்வதைக் கேட்டுச் சூரியன் மறைவதை உணர்ந்தனர். மாணாக்கரும் தொண்டரும் விஞ்ஞானத்திற்கும் உதவினர். ஓரிடத்தில் இரண்டரை நிமிடமே தோன்றும் ஒளிமகுடத்தை, ஒரே மாதிரியான 68 தொலைநோக்கிகளை நிழற்பாதை நெடுகிலும் நிறுத்தி, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்ந்து படம்பிடிக்கச் செய்தனர். இங்ஙனம் ஒன்றரை மணி நேரக் காட்சியைக் கோத்தெடுப்பது அம்முயற்சியின் நோக்கம்.

2017ஆம் ஆண்டு விழா முடிந்து ஊர் திரும்பியோர் பட்ட பாடு வேறு கதை. ஒரே வேளையில் அனைவரும் புறப்பட்டமையால் வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. ஐந்தாறு மணி நேரத்தில் சிக்காகோவை அடையவேண்டியவர் நள்ளிரவு கடந்தும் வழியிலிருந்தனர். வருவோர் பல நேரங்களில் வருவர், போவோர் ஒரே நேரத்தில் போவர் என்னும் உண்மையை நம் தேர்த்திருவிழாக் காண்போர் நன்கறிவர்.

2024 ஏப்ரல் 8ஆம் நாள் நிழல் மெக்ஸிகோவிலிருந்து டெக்ஸாஸ் வழியாக வடகிழக்கே சென்றது. பழைய பாதையும் புதிய பாதையும் கார்பன்டேலுக்கு அண்மையிலேயே ஒன்றையொன்று வெட்டின. மீண்டும் அதே அரங்கில் மக்கள் திரண்டனர். பிற்பகல் 1 மணி 59 நிமிடத்திற்குப் பூரண நிலை தொடங்கி, 4 நிமிடமும் 9 விநாடியும் நின்றது. இம்முறை வானம் தெளிந்திருந்தது. கருவட்டத்தின் விளிம்பில் செந்நிறப் பிழம்புகள் வெறுங்கண்ணுக்கே புலனாயின. பகலில் வெள்ளி என்னும் கிரகம் மின்னிற்று. ஏழாண்டுகளுக்கு முன் மேகத்தை நொந்துகொண்டு திரும்பியவருள் மீண்டும் வந்தோர் அடைந்த உவகையை வாசகர்களே ஊகித்துக்கொள்க.

நம் நாட்டிலோ நிலைமை வேறாயிருந்தது. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் அப்போதைய சென்னை மாகாணத்தைச் சார்ந்த குண்டூரில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் பூரண கிரகணத்தை ஆராய்ந்தார். அக்கிரகணத்தை ஆராய்ந்தோர் கண்ட மஞ்சள் நிற ஒளிக்கோடே பின்னர் ஹீலியம் என்னும் வாயு அறியப்படுதற்கு வழிகாட்டிற்று. 1871 டிசம்பர் 12ஆம் நாள் நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் வழியாக நிழல் சென்றது. அறிஞர் கூட்டம் கடல் கடந்து வந்து பார்த்த நாடு இது. எனினும் 1980 பிப்ரவரி 16ஆம் நாள் தென்னிந்தியாவில் பூரண கிரகணம் நேர்ந்தபோது பல நகரங்களின் வீதிகள் ஆளரவமற்றுக் கிடந்தன. மக்களை வீட்டினுள் நிறுத்தத் தொலைக்காட்சியில் திரைப்படம் காட்டினர். 1995 அக்டோபர் 24ஆம் நாள் வடநாட்டில் நேர்ந்த கிரகணத்தையோ இராஜஸ்தானம் முதல் வங்காளத்து டைமண்டு துறைமுகம் வரையில் பெருந்திரளானோர் வெளிவந்து கண்டனர். பதினைந்தாண்டுகளில் இத்துணை மாற்றம் நிகழ்ந்தது நன்றே.

2019 டிசம்பர் 26ஆம் நாள் கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் கங்கண கிரகணம் தோன்றிற்று. அடுத்து 2031 மே 21ஆம் நாள் தேனி, மதுரை, காரைக்குடிப் பகுதிகளின் வழியாகவும் இலங்கையின் வடபகுதி வழியாகவும் மற்றொன்று செல்லுமென்று கணித்திருக்கின்றனர். கங்கண கிரகணத்தில் சந்திரனைச் சூழச் சூரியனின் விளிம்பு வளையமாக எஞ்சி நிற்கும். ஆகலின், ஒளிமகுடம் தோன்றாது. ‘கண்ணாடியைக் கழற்றுக’ என்னும் அறிவிப்புக்கும் அன்று இடமில்லை. தொடக்கமுதல் இறுதிவரை கண்ணாடி கண்ணிலேயே இருத்தல் வேண்டும்.