புளி 120 கிராம், கூலி 84 ரூபாய்

பொங்கலுக்கு முந்தின வாரம் கோவில்பட்டிப் பக்கத்து வீடுகளில் பரணிலிருந்து பித்தளை இறங்கும். குடம், செம்பு, குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். இவற்றைத் துலக்கும் புளிக்கு என்ன செலவு என்று யாரும் கேட்பதில்லை. மற்றச் செலவுகள் செலவென்றே எண்ணப்படுவதில்லை. அந்தக் கணக்கை ஒரு தடவையாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு எண்ணம்.

முதலில் பரப்பு. குடத்தை 28 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாக எடுத்துக்கொண்டால் வெளிப்புறம் கால் சதுர மீட்டர் வரும். இரண்டு குடம் அரை சதுர மீட்டர். 40 சென்டிமீட்டர் தாம்பாளம் இரு பக்கமும் சேர்த்து இன்னொரு கால். ஒரு சோடி விளக்குக்கும் செம்புக்கும் கால் என்று வைத்தால், மொத்தம் ஒரு சதுர மீட்டர். நடுத்தர வீட்டுக்கு இது பொருந்தும்.

அடுத்தது அழுக்கு. பித்தளை கறுப்பதற்கு முதற்காரணம் செம்பு ஆக்சைடு. ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அது படிந்திருந்தால், ஒரு சதுர மீட்டரில் 6.3 கிராம் தேறும். அதைக் கரைக்க டார்டாரிக் அமிலம் ஏறத்தாழ 12 கிராம் வேண்டும். புளியின் சதையில் இந்த அமிலம் 8 முதல் 18 சதவீதம் வரை உண்டு. பத்து என்று வைத்தால் 120 கிராம் புளி. கிலோ 160 ரூபாய் என்று கொண்டால் 19 ரூபாய் 20 காசு. கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தரும் சிட்ரிக் அமிலம் என்றால் 10 கிராமே போதும். கிலோ 200 ரூபாயானாலும் செலவு 2 ரூபாய்தான்.

இனி கூலி. செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தால் இவ்வளவு சாமானுக்கும் இரண்டு மணி நேரம். புளிக்கரைசலில் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துலக்கினால் ஒரு மணி நேரம் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணிக்கு வகுத்தால் மணிக்கு 42. இரண்டு மணிக்கு 84. இந்தக் கணக்கிலேயே பெரிய தொகை இதுதான். வீட்டுப் பெண்ணின் முதுகிலும் மணிக்கட்டிலும் இறங்குவதால் எந்த நோட்டிலும் ஏறாத தொகையும் இதுதான்.

உலோகமும் தேய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மைக்ரான் போனால் 8.5 கிராம் பித்தளை போகும். செங்கல் பொடி ஒரு தடவைக்கு அவ்வளவு எடுக்கிறது என்றும், பழைய பித்தளை கிலோ 500 ரூபாய் என்றும் வைத்தால், இழப்பு 4 ரூபாய் 25 காசு. ரூபாயில் அற்பம். ஆனால் மாதம் ஒரு முறை தேய்த்தால் 20 ஆண்டில் 240 மைக்ரான் போகும், கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். சீராகக் கொண்டுவந்த பாத்திரத்தில் ஆச்சியின் பெயர் அந்த ஆழத்துக்கு வெட்டியிருந்தால், அதற்குள் எழுத்து மறைந்துவிடும். அதற்கு எந்த விலை போடுவது?

தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரிசல்காட்டில் பல போர்க்கிணறுகள் உப்பு. அதில் கடைசி அலசு அலசி அப்படியே வெயிலில் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாகக் கறை விழும். கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். பெயரிலேயே தாமிரம் உள்ள ஆறு. அந்தத் தண்ணீரில் ஒரு குடம் கடைசி அலசுக்கு ஒதுக்க வேண்டும். விலைக்கு வாங்கினால் 10 ரூபாய் என்று எழுதுகிறேன். அலசியதும் துணியால் துடைத்துவிட வேண்டும்.

கூட்டினால், செங்கல் பொடி வழி ஒரு தடவைக்கு 98 ரூபாய் 25 காசு. புளி வழி 71 ரூபாய் 20 காசு. ஆண்டுக்கு 12 தடவைக்கு வித்தியாசம் 324 ரூபாய் 60 காசு. புளியை இரட்டிப்பாகப் போட்டாலும் புளி வழிதான் மலிவு. எலுமிச்சை உப்பு என்றால் இன்னும் மலிவு. ஆனால் இராத்திரி முழுக்க ஊறப்போடக் கூடாது. பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே தங்கிச் சாமான் சிவந்துவிடும்.

இதே பித்தளையைப் பற்றிய பாடம் ஒன்று துப்பாக்கித் தோட்டாவிலிருந்து வருகிறது. தோட்டாக் கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் மழைக்காலத்தில் இந்தத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தது. பருவம் முடிந்து பார்த்தால் கூடுகள் வெடிப்பு விட்டிருந்தன. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டை அழுத்தி இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து பித்தளையைப் பிளந்திருக்கின்றன. செய்தபின் மிதமான சூட்டில் பதப்படுத்தி அந்த இறுக்கத்தைப் போக்கினால் வெடிப்பு நிற்கும். சுட்ட கூட்டைச் சுத்தம் செய்து மறுபடி மருந்து நிரப்புகிறவர்கள் இன்றும் அம்மோனியா கலந்த பாலிஷைத் தொடுவதில்லை. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் தண்ணீரில் அலசுகிறார்கள். நம் புளியின் வேலைதான் அது.

நம் குடமும் அடித்தும் அழுத்தியும் செய்த தகடுதான். மாட்டுத் தொழுவத்துப் பரணில், கோமிய வாடை ஏறும் இடத்தில், மழைக்காலம் முழுக்கப் பித்தளையைப் போட்டுவைப்பது லாயத்தில் தோட்டா வைத்ததற்குச் சமம். வாயோரத்தில் மயிரிழை போலக் கீறல் விட்டால், எவ்வளவு துலக்கினாலும் அந்தக் குடம் ஒழுகும்.

இந்தப் பொங்கலுக்குப் பித்தளையை இறக்கும்போது செங்கல் பொடியைத் தள்ளிவைத்துவிட்டுப் புளியைக் கரையுங்கள். பண்டிகைச் செலவு எழுதும் நோட்டில் புளிக்குக் கீழே ஒரு வரி சேர்த்து, துலக்கியவர் பெயரையும் அவருடைய மணிக்கணக்கையும் எழுதுங்கள்.